காணி புரோக்கருக்கு மந்த காலம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணன், மட்டக்களப்பு களுவாஞ்சிக்குடியில் காணி புரோக்கர் வேலை பார்க்கிறேன். முன்பு கல்லடி, நாவற்குடாக் காணிக்கு ஆள் தானாக வரும். இப்போது வருகிறார்கள், பார்க்கிறார்கள், "யோசிச்சுச் சொல்றம்" என்று போனால் போனதுதான். கையில் முப்பது காணி கிடக்கிறது. தொழிலை விட்டுவிடலாமா?

பதில்: தொழிலை விட வேண்டாம் தம்பி, அந்த முப்பதில் பாதியை விடுங்கள். விற்காத காணிகளைக் காட்டித் திரிந்தே உங்கள் பெற்றோல் காசு போகிறது. உறுதியின் (காணிப் பத்திரத்தின்) போட்டோக் கொப்பி தராதவரின் காணியைக் காட்டாதீர்கள். கொப்பி கிடைத்தால் காணிப் பதிவகத்தில் பதிவேட்டுப் பிரதி எடுத்துப் பாருங்கள், ஈடு (அடமானம்) ஏதும் பதிந்திருந்தால் தெரிந்துவிடும். வாங்குபவரின் சட்டத்தரணி எப்படியும் முப்பது வருசத்து உறுதித் தொடரைக் கேட்கத்தான் போகிறார், அட்வான்ஸ் கை மாறிய பிறகு அவர் வந்து குழப்புவதை விட, குழப்பத்தை நீங்களே முதலில் கண்டுபிடித்துவிடுவது நல்லது.

பெர்மிட் காணியில், அதாவது அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த காணியில், இரட்டிப்புக் கவனம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த காணியை, பிரதேச செயலாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் கைமாற்றினால் செல்லாது. "எல்லாரும் இப்படித்தான் விற்கிறார்கள்" என்று சொந்தக்காரர் சொல்வார், சொல்லட்டும். வயலுக்கு மண் போட்டு நிரப்பி வீட்டுக் காணி என்று காட்டுபவரிடம், கமநலத் திணைக்கள அனுமதி எங்கே என்று கேளுங்கள்.

இன்னொன்று, நம் பக்கத்தில் வீடு வளவு பெரும்பாலும் மகளுக்குச் சீதனமாகப் போவது. உறுதி மனைவியின் பெயரில் இருக்கும், நீங்களோ வாசலில் நின்று கணவரோடு விலை பேசிக்கொண்டிருப்பீர்கள்! அந்த அக்காவிடம் முதலில் பேசுங்கள். வாங்குகிற பக்கத்திலும் அப்படித்தான், மகளுக்கு வளவு தேடும் தாய்மாரே உங்கள் உண்மையான வாடிக்கையாளர்கள். சந்தை எப்படி இருந்தாலும் கலியாணம் நிற்பதில்லையே.

விலைக்கு வருவோம். பக்கத்து வளவை வெளிநாட்டில் இருக்கும் நம்மவர் ஒருவர் எந்தக் காலத்திலோ அள்ளிக் கொடுத்து வாங்கியிருப்பார், சொந்தக்காரர் அந்தக் கணக்கிலேயே நிற்பார். வாதாடாதீர்கள். அண்மையில் அந்த வட்டாரத்தில் ஒரு பேர்ச் காணி என்ன விலைக்கு உண்மையாக முடிந்தது என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்துக் காட்டுங்கள். (உறுதியில் எழுதின விலையைப் பார்க்காதீர்கள், அது பெரும்பாலும் உண்மையான விலையாக இராது.) அப்புறம், மாரியில் ஒருமுறை போய்ப் பார்க்காத காணியைப் பற்றி "தண்ணி நிக்காது" என்று சொல்லவே சொல்லாதீர்கள். கோடையில் விற்ற காணி மார்கழியில் வாவியோடு சேர்ந்துவிட்டால் அந்த ஊரில் உங்களுக்கு வேலை இல்லை.

கேள்வி: கனடாவில் இருக்கும் உறவினர் ஆரையம்பதியில் காணி கேட்கிறார். வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: என்ன குடியுரிமை என்று முதலில் கேளுங்கள். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரஜைக்குக் காணி எழுத முடியாது, இரட்டைக் குடியுரிமை இருந்தால் முடியும். இதைக் கேட்காமல் வட்ஸ்அப்பில் நூறு படம் அனுப்பி என்ன?

கேள்வி: காணியைக் காட்டினேன், இருவரும் எனக்குத் தெரியாமல் நேரே பேசி முடித்துவிட்டார்கள். கொமிசன் கேட்டால் "நீ யார்" என்கிறார்கள்.

பதில்: எழுத்தில் ஏதும் இல்லையென்றால் கேட்பது கஷ்டம்தான். அடுத்த முறை காட்டுவதற்கு முன்பே கொமிசன் எவ்வளவு, யார் தருவது, எப்போது தருவது என்று எழுதி, விற்பவரின் கையெழுத்தை வாங்கிவிடுங்கள்.