வீட்டா ரிவி: மெமரி கார்டுக்கு அவசரப்பட வேண்டாம்

கல்முனை வாசகர் ஒருவர் கேட்கிறார்: "ஜப்பானில் வேலை செய்த மாமா பிளேஸ்டேஷன் வீட்டா ரிவி ஒன்று தந்தார். அடப்டர் இருக்கிறது. கொன்ட்ரோலரும் மெமரி கார்டும் இல்லை. வீட்டில் இருப்பது பழைய குண்டு ரிவி. பெர்சோனா 4 கோல்டன், அன்சார்ட்டட் கோல்டன் அபிஸ் என்று இரண்டு வீட்டா விளையாட்டுக் கார்டு உண்டு. என்னென்ன வாங்க வேண்டும்?"

வீட்டா ரிவி என்பது ரிவி அல்ல, ரிவியோடு இணைத்து விளையாடும் சோனியின் சின்னப் பெட்டி. முதலில் விளையாட்டுக் கார்டுகளைப் பார்ப்போம். பெர்சோனா ஓடும், அன்சார்ட்டட் ஓடாது. கார்டில் பழுதில்லை. இந்தப் பெட்டி, கையில் பிடித்து விளையாடும் வீட்டாவின் உள்ளுறுப்புகளை ரிவிக்காக மாற்றி, 2013 நவம்பரில் ஜப்பானில் வெளியானது. திரை, கமரா, அசைவை உணரும் பாகம் எதுவும் இதில் இல்லை. அவற்றை நம்பிச் செய்த விளையாட்டுகள் பலவற்றை சோனியே இதில் திறக்கவிடாமல் வைத்திருக்கிறது. ஆகவே பழைய கார்டு எதை வாங்கினாலும், அது வீட்டா ரிவியில் ஓடுமா என்று பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டே காசு கொடுங்கள். வேறு நாட்டுக் கார்டும் இதில் ஏறும், ஆனால் ஒரே விளையாட்டின் ஒரு நாட்டுப் பதிப்பு ஓடி, இன்னொன்று ஓடாமலும் போகலாம்.

கொன்ட்ரோலருக்கு, பிளேஸ்டேஷன் 3, 4 பெட்டிகளோடு வரும் டூயல்ஷொக் 3 அல்லது 4 போதும். டூயல்ஷொக் 4 கிடைத்தால் அதையே எடுங்கள். அதன் நடுவில் உள்ள தொடுபலகை, இல்லாத தொடுதிரைக்குப் பதிலாக வேலை செய்யும். முதல் தடவை யூஎஸ்பி வயரால் பெட்டியில் செருகி, நடுவிலுள்ள பிஎஸ் பட்டனை அழுத்துங்கள். பிறகு வயர் தேவையில்லை. சேரவில்லை என்றால் பெரும்பாலும் வயரில்தான் கோளாறு: சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு வயரில் தரவு போகாது.

மெமரி கார்டு இப்போதைக்கு வேண்டாம். பெட்டிக்குள்ளேயே 1 ஜிபி இடம் உண்டு, விளையாட்டுக் கார்டில் விளையாடிச் சேமிக்க அது தாராளம். பெரிய விளையாட்டுகளைத் தரவிறக்கி விளையாடத்தான் மெமரி கார்டு தேவை. அது வீட்டாவுக்கென்றே செய்த கார்டு. ஃபோனில் போடும் மைக்ரோ எஸ்டி செல்லாது. பிறகு வாங்கினால் ஒன்றை நினைவில் வையுங்கள்: மெமரி கார்டைச் செருகியதும் உள்ளிருக்கும் 1 ஜிபி மறைந்துவிடும். சேமித்ததெல்லாம் அழிந்துவிட்டதென்று பதறத் தேவையில்லை, கார்டைக் கழற்றினால் திரும்ப வரும்.

ரிவிதான் உண்மையான தடை. ரிவியோடு இணைக்கப் பெட்டியில் எச்டிஎம்ஐ துளை மட்டுமே உண்டு. எச்டிஎம்ஐயை மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயருக்கு மாற்றும் சின்னக் கருவி கடைகளில் கிடைக்கும். ஆனால் பெர்சோனா எழுத்து நிறைந்த விளையாட்டு. குண்டு ரிவியில் அந்த எழுத்து கரைந்துபோய்க் கண்ணை வருத்தும். அந்தக் காசை எச்டிஎம்ஐ உள்ள பழைய மொனிட்டருக்குப் போடுவதே நல்லது. ஸ்பீக்கரோ ஹெட்போன் துளையோ உள்ளதாகப் பாருங்கள், இல்லாவிட்டால் சத்தம் வர வழியில்லை. பெரிய அளவைத் தேடவும் வேண்டாம். வீட்டாவின் படம் 5 அங்குலத் திரைக்காக 960க்கு 544 புள்ளியில் வரைந்தது. எவ்வளவு பெரிதாக்குகிறோமோ அவ்வளவு மங்கும்.

இனி மின்சாரம். கையடக்க வீட்டாவில் பற்றரி இருப்பதால் கரண்ட் போனாலும் விளையாட்டு நிற்காது. இந்தப் பெட்டியில் பற்றரி இல்லை. கரண்ட் போன கணமே, கடைசியாகச் சேமித்த பிறகு ஆடியதெல்லாம் போய்விடும். சேமித்துக்கொண்டிருக்கும்போதே போனால் சேமித்த கோப்பே கெட்டுவிடலாம். அதனால் பெர்சோனாவில் சேமிக்க இடம் தரும்போதெல்லாம் சேமியுங்கள், ஒரே இடத்தின் மேல் எழுதாமல் இரண்டு மூன்று இடங்களில் மாற்றி மாற்றி.

கரண்ட் போனாலும் ரவுட்டர் நிற்காமலிருக்க வாங்கும் மினி யூபிஎஸ் என்ற பற்றரிப் பெட்டியில் இதைக் கொடுக்கலாமா என்று பலர் கேட்பதுண்டு. வீட்டா ரிவிக்கு வேண்டியது 5 வோல்ட். யூபிஎஸ்ஸில் அந்த 5 வோல்ட் துளை இருந்து, முனையும் பொருந்தினால் மட்டும் கொடுக்கலாம். பல மினி யூபிஎஸ் 9, 12 வோல்ட்தான் தரும். அதைச் செருகினால் பெட்டி எரிந்துவிடும். பவர் பேங்க் நம்பத்தக்கதல்ல. சுவர் மின்சாரம் அறும் கணத்தில் பல பவர் பேங்குகள் ஒரு நொடி நின்றுதான் திரும்பக் கொடுக்கும். அந்த ஒரு நொடி போதும், பெட்டி அணைந்துவிடும்.

மாமாவின் அடப்டரில் "இன்புட் 100-240" என்று இருந்தால் தட்டைப் பின்னுக்கு மாற்று பிளக் ஒன்று போதும். வெறும் 100 என்றிருந்தால் நமது 230 வோல்ட்டில் செருகவே வேண்டாம். ஐப்பசி இடிமழை தொடங்கும்போது பிளக்கை மட்டுமல்ல, இணைய வயரையும் எச்டிஎம்ஐ வயரையும் கழற்றுங்கள். மின்னல் அவற்றின் வழியாகவும் வரும்.

கடைசியாக, பெட்டி இன்னும் மாமாவின் பிளேஸ்டேஷன் இணையக் கணக்கில் இருக்கலாம். ஒரு நேரத்தில் ஒரு கணக்கைத்தான் இது ஏற்கும். வேறு கணக்குக்கு மாற, முழுவதையும் அழித்துத் தொடக்க நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பெர்சோனாவைத் தொடங்கும் முன்பே அதைச் செய்துவிடுங்கள்.