செம்பருத்தியும் அதன் சொந்தக்காரர்களும்: கேள்வி பதில்

வெண்டை, பருத்தி, பூவரசு, துத்தி, இலவம் எல்லாம் ஒரே குடும்பம். மால்வேசி என்பார்கள், தமிழில் பருத்திக் குடும்பம். எதைப் பற்றியும் கேளுங்கள். எனக்கு நெருக்கமானது செம்பருத்தி என்பதால் அதற்குத்தான் நீளமாகப் பதில் வரும்.

தாம்பரம்: செம்பருத்தியில் மொட்டு வருகிறது சார், விரியும் முன்பே உதிர்ந்துவிடுகிறது.

பெரும்பாலும் தண்ணீர்ச் சிக்கல்தான். ஒரு நாள் மண் காயக் காய விட்டு, மறுநாள் தொட்டி வழிய ஊற்றினால் செடி முதலில் மொட்டைத்தான் கைவிடும். விரலை மண்ணில் விட்டுப் பார்த்து ஊற்றுங்கள். உதிர்ந்த மொட்டைப் பிரித்தும் பாருங்கள். உள்ளே ஊசிமுனை அளவில் பூச்சி ஓடினால் அது இலைப்பேன். அந்த மொட்டுகளைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். செம்பருத்தி புதுத் தளிரில்தான் பூக்கும், அதனால் கவாத்து செய்ய, அதாவது கிளைகளை வெட்டிவிட, தயங்க வேண்டாம்.

ஈரோடு: வெள்ளையாக மாவு போல ஒட்டியிருக்கிறது. என்ன செய்வது?

மாவுப்பூச்சி. முதலில் எறும்பைக் கவனியுங்கள். மாவுப்பூச்சி வெளியேற்றும் இனிப்புத் திரவத்துக்காக எறும்புகள் அதைக் காவல் காக்கும். எறும்பு ஏறிக்கொண்டிருக்கும் வரை எந்த மருந்தும் முழுதாகப் பலிக்காது. சுருண்ட நுனிகளை வெட்டிப் பையில் கட்டி அகற்றிவிட்டு, தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளியுங்கள்.

2008-ல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது உங்கள் பக்கத்து விவசாயிகளுக்கு நினைவிருக்கும். பப்பாளி, மரவள்ளி, மல்பெரியோடு செம்பருத்தியையும் அது விடவில்லை. அதை அடக்கியது மருந்து இல்லை, 2010-ல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட அசெரோஃபேகஸ் என்ற சிறு குளவி. கண்டபடி விஷம் அடித்தால் இப்படிப்பட்ட நல்ல பூச்சிகள்தான் முதலில் சாகும்.

மதுரை: பூவைத் தேநீர் போட்டுக் குடித்தால் சர்க்கரை குறையுமா ஐயா?

சித்த மருத்துவரிடம் கேளுங்கள், அது என் துறை இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: நர்சரியில் புதிதாக வாங்கிய செடியின் பூவை வாயில் வைக்காதீர்கள். என்ன மருந்து அடித்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது.

யாழ்ப்பாணம்: நாங்கள் செவ்வரத்தை எண்டு சொல்லுவம் ஐயா. நீங்கள் ஏன் செம்பருத்தி எண்டு எழுதுறீங்கள்?

நல்ல கேள்வி. தமிழ்நாட்டில் பேச்சில் செம்பருத்தி என்பதே பரவலாகிவிட்டது. ஆனால் சித்த மருத்துவத்தில் செம்பரத்தை வேறு, செம்பருத்தி வேறு. செம்பரத்தை நம் வீட்டு வாசல் பூ. செம்பருத்தி என்பது சிவப்புப் பூ பூக்கும் நாட்டுப் பருத்தி. உங்கள் செவ்வரத்தை அந்தப் பழைய வேறுபாட்டை இன்றும் காப்பாற்றி வைத்திருக்கிறது.

திருச்சி: எங்கள் பாட்டி காலத்திலிருந்து செம்பருத்திதான். ஏன் குழப்புகிறீர்கள்?

பாட்டி சொன்னது தவறில்லை, நானும் அப்படித்தான் எழுதுகிறேன். பூ பறித்துச் சாமிக்கு வைக்க எந்தப் பெயரும் போதும். பழைய மருந்துக் குறிப்பைப் பார்த்து அரைத்துக் குடிக்கும்போதுதான் இது விளையாட்டில்லை. பருத்தி விதையில் காசிபால் என்ற நச்சுப்பொருள் உண்டு. ஆண்களின் விந்தணுவைக் குறைக்கக்கூடியது.

கரூர்: மாவுப்பூச்சிக்கு என்ன அடிக்கலாம்?

ஈரோட்டுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

சேலம்: செம்பருத்தி இலையில் வெள்ளையாக...

அதே பதில்தான். கேட்கும் முன் மேலே ஒருமுறை பார்த்துவிடுங்கள், தயவுசெய்து.

நாகப்பட்டினம்: பூவரசம்பூ மஞ்சளாகப் பூத்துச் சிவப்பாக விழுகிறதே?

ஒரே பூதான், வாடும்போது நிறம் மாறுகிறது.

திண்டுக்கல்: எங்கள் வீட்டுச் செம்பருத்தி காய்க்கிறது அண்ணா. விதை எடுத்து நடலாமா?

வாசல் செம்பருத்தி நம் ஊரில் பெரும்பாலும் காய் பிடிக்காது, போத்து (கிளைத்துண்டு) வெட்டித்தான் நடுவோம். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பூவின் நடுத்தண்டு இதழைத் தாண்டி நீண்டு, நுனியில் ஐந்து குமிழ் இருக்கிறதா? பூவுக்கு அடியில் ஒல்லியான சிறு மடல்கள் ஐந்துக்கு மேல் இருக்கின்றனவா, அல்லது இலை போல அகலமாக மூன்றுதானா?

திண்டுக்கல்: மூன்றுதான் அண்ணா. தண்டு குட்டையாக உள்ளேயே இருக்கிறது. இலை கைவிரல் போலப் பிளந்திருக்கிறது. ஒரு காய் வெடித்துப் பஞ்சு தெரிகிறது.

அது நாட்டுப் பருத்தி, சித்தர்கள் சொன்ன அசல் செம்பருத்தி. விதை தாராளமாக நடுங்கள். பூவையோ விதையையோ தேநீர், கஷாயம் எதிலும் போடாதீர்கள். வீட்டில் ஏற்கெனவே யாராவது குடித்துக்கொண்டிருந்தால் இன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.