மழையே இல்லை, கார் ஷெட் கூரை ஏன் சொட்டுகிறது?

மேலிருந்து தண்ணீர் புகுந்தால் கசிவு. உள்ளே இருக்கும் காற்றின் ஈரமே குளிர்ந்த கூரையில் பட்டுத் துளியானால், கூரை வியர்க்கிறது என்று பொருள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த பாட்டில் வெளிப்புறம் நனைவது போலத்தான்.

சென்னையில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் வானம் தெளிந்த இரவில், தட்டையான தகரக் கூரை வெப்பத்தை வெளியே விட்டுச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். விடியற்காலையில் தொட்டுப் பாருங்கள்: தகரம் முழுக்கப் பொடிப் பொடியாய் நீர் முத்து, வெயில் ஏறினால் காணாமல் போகும். கசிவோ மழைக்குப் பிறகு, போல்ட் ஓட்டையிலோ விரிசலிலோ, அதே இடத்தில் திரும்பத் திரும்ப வரும். டீக்கறை போல விளிம்பு விடும்.

கான்கிரீட்டில் சந்தேகமா? ஈரத்தைத் துடைத்துவிட்டு, பாலித்தீன் துண்டை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒரு நாள் ஒட்டி வையுங்கள். நம் பக்கம் நனைந்தால் வியர்வை, கூரைப் பக்கம் நனைந்தால் கசிவு.

மொட்டைமாடியில் வாட்டர்ப்ரூஃபிங் அடித்தால் வியர்ப்பதும் நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள்; நிற்காது, அதற்குக் காற்றோட்டம்தான் வேண்டும்.