பலகை எத்தனை மில்லி? ஆர்கேட் ஜாய்ஸ்டிக் கேள்வி பதில்

தீபாவளி விடுமுறைக்குள் வீட்டிலேயே ஆர்கேட் பெட்டி, அதாவது அந்தக் காலத்தில் கடையில் காசு போட்டு நின்று ஆடிய வீடியோ கேம் பெட்டி, செய்து முடித்துவிட வேண்டும் என்று மலேசியாவின் பேராக்கில் பாதிப் பேர் கிளம்பிவிட்டீர்கள் போலிருக்கிறது. சுங்கை சிப்புட்டில் வாஷிங் மெஷின் பழுது பார்ப்பது என் தொழில், ஆர்கேட் பெட்டி என் பைத்தியம். ஏழு பெட்டி செய்திருக்கிறேன், அதில் இரண்டு நாசமானது. கேளுங்கள்.

தாப்பாவிலிருந்து ஒரு தம்பி: எந்த ஜாய்ஸ்டிக் வாங்கலாம் அண்ணே?

முதலில் என்ன விளையாடப் போகிறாய் என்று சொல் தம்பி. 1980-இல் வந்த பேக்-மேன், 1981-இன் டாங்கி காங் எல்லாம் நான்கு திசை விளையாட்டு. எட்டுத் திசை ஜாய்ஸ்டிக்கில் அவற்றை ஆடினால் கை கொஞ்சம் சாய்ந்தாலும் மூலைத் திசை விழுந்துவிடும். ஏணி ஏற வேண்டிய ஆள் ஏணிக்குக் கீழேயே நின்று முழிப்பான். 1991-இல் வந்த சண்டை விளையாட்டான ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-க்கு எட்டுத் திசையும் வேண்டும், ஆளுக்கு ஆறு பட்டனும் வேண்டும்.

கடையில் கிடைப்பதை மூன்று குடும்பமாகப் பிரித்துக்கொள். ஜப்பான் வகையில் சான்வா ஜேஎல்எஃப், செய்மிட்சு எல்எஸ்-32 இரண்டும் பிரபலம். மேலே உருண்டைக் குண்டு, லேசான பிடி. சான்வா இன்னும் இலகு. செய்மிட்சுவில் அசைவு குட்டை, கொஞ்சம் விறைப்பு, அதனால் விமானம் சுடும் விளையாட்டுப் பிரியர்கள் அதையே கேட்பார்கள். அமெரிக்க வகை, ஹாப் கம்பெனி செய்வது மாதிரி: நீளத் தலை, முரட்டுப் பிடி, தடிமனான மரப் பலகைக்கென்றே செய்தது. மூன்றாவது கொரிய வகை. அதில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக ரப்பர் வளையம் கம்பியை நடுவுக்குத் திருப்பிக் கொண்டுவரும்.

பழைய விளையாட்டு, புதிய சண்டை இரண்டும் வேண்டுமென்றால் சான்வாவே போதும். கம்பியின் அசைவை நிறுத்த அடியில் உள்ள சதுரத் தடுப்பை 45 பாகை திருப்பினால் நான்கு திசையாகிவிடும். ஆனால் வாங்குவதற்கு முன்னால், ஜாய்ஸ்டிக் மாட்டப் போகும் பலகை எத்தனை மில்லி (மில்லிமீட்டர்) தடிமன் என்று அளந்துவிடு.

கம்பாரில் படிக்கும் மாணவர்: 18 மில்லி பிளைவுட்டில் சான்வாவைப் பொருத்தினேன். குண்டு பலகையோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. போலிச் சாமானா?

சாமான் சரிதான் தம்பி, பலகைதான் தடிமன். என்னுடைய முதல் நாசமும் இதே கதை. ஜப்பான் ஜாய்ஸ்டிக் மெல்லிய உலோகத் தகட்டுக்காகச் செய்தது. 18 மில்லிக்கு அடியில் அப்படியே மாட்டினால் கம்பியின் பாதி மரத்துக்குள்ளேயே போய்விடும். பலகையின் அடிப்பக்கம் ரௌட்டரால் (மரம் குடையும் தச்சு இயந்திரம்) குடைந்து, மேலே ஐந்தாறு மில்லி மட்டும் விட்டு, அந்தக் குழிக்குள் உட்கார வை. ரௌட்டர் இல்லையென்றால் பெரிய சதுர ஓட்டை போட்டு அதன் மேல் உலோகத் தகடு பதித்துக்கொள்ளலாம்.

பட்டனுக்கும் இதே சட்டம். அழுத்தி மாட்டும் வகை மெல்லிய தகட்டைத்தான் கவ்வும், மரத்துக்கு மரையும் நட்டும் உள்ள வகையை வாங்கு. ஜப்பான் பட்டனுக்கு 30 மில்லி ஓட்டை, அமெரிக்க பட்டனுக்கு 28 மில்லிக்குக் கொஞ்சம் கூட. சிறிய ஓட்டையைப் பெரிதாக்கலாம், பெரிதாகப் போட்டுவிட்டால் மறுபடி பலகை வாங்க வேண்டியதுதான்.

பீடோரிலிருந்து: எது பெஸ்ட் அண்ணே?

தாப்பா தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

இதே ஊர்ப் பெரியவர், தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்: வெட்டிய பால் மரத்தில் (ரப்பர் மரம்) பலகை அறுத்து வைத்திருக்கிறேன். பேரனுக்குப் பெட்டி செய்யலாமா?

ஐயா, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். இருபத்தைந்து, முப்பது வருடம் பால் கொடுத்து ஓய்ந்த மரத்தைத்தான் இன்று நம் நாட்டில் நாற்காலி, மேசையாகச் செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். வெளிர் நிறம், வேலைக்குச் சுகமான மரம்.

ஆனால் வெட்டியதும் மருந்து காட்டாமல் விட்டால் பூஞ்சை பிடித்து நீலம் பாயும், வண்டு துளைத்து மாவாக்கும். தொழிற்சாலையில் போரான் மருந்து ஏற்றி, சூளையில் உலர்த்திய பிறகுதான் பலகையாக வெளியே வரும். வீட்டுக் கொல்லையில் அறுத்துச் சார்த்தி வைத்ததை மட்டும் நம்ப வேண்டாம். மருந்து ஏற்றிய ரப்பர் மரப் பலகை தச்சுக் கடையில் கிடைக்கும், அதை வாங்குங்கள். உங்கள் மரத்தில் ஒரு துண்டை நன்றாகக் காயவைத்து, வார்னிஷ் அடித்து, பெட்டியின் முகப்பில் பெயர்ப் பலகையாகப் போடுங்கள். பேரனுக்குச் சொல்லக் கதையும் ஆச்சு.

எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை) மலிவு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். என் இரண்டாவது நாசம் அதுதான். ஒரு மழைக்காலத்தில் அடிப்பாகம் பிஸ்கட் மாதிரி ஊறிப்போனது. எந்த மரமானாலும் ஜாய்ஸ்டிக்குக்கு மர ஆணி போடாதீர்கள். பலகையை ஊடுருவும் போல்ட்டும் நட்டும் வேண்டும். பேரன்கள் பிடுங்குகிற பிடுங்கு அப்படி.

தைப்பிங் அண்ணன்: சதுரத் தடுப்பு வேஸ்ட். எண்கோணம்தான் சரி. ஏன் யாருக்கும் சொல்வதில்லை?

சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது அண்ணே. தடுப்பு என்பது கம்பி போய் நிற்கும் கடைசிச் சுவர், அவ்வளவுதான். சுவரில் முட்டுவதற்கு முன்பே, திசையை உணரும் சின்னச் சுவிட்சான மைக்ரோசுவிட்ச் "டிக்" என்று விழுந்துவிடும். சுவரைத் தேடி ஆடுகிறவருக்குத்தான் சதுரம் இடிக்கும்.

மறுபடி தைப்பிங்: சதுரத்தில் நேர்த் திசைக்குக் குழியே இல்லையே. முன்னால் தள்ளினால் வழுக்குகிறது.

குழி இல்லை, உண்மை. மூலைக்கு மட்டும் குழி இருக்கிறது, அதுவும் தூரம். நேர்த் திசை பத்து என்றால் மூலை பதினான்கு. எண்கோணத்தில் எட்டும் ஒரே தூரம், எட்டுக்கும் குழி. கேட்க அழகாக இருக்கும். ஆனால் ஸ்ட்ரீட் ஃபைட்டரில் ரியூ கையிலிருந்து பந்து வீசுவானே, அந்த ஹடோக்கென் போட்டுப் பாருங்கள்: கீழே, கீழ்மூலை, முன்னால், குத்து. சதுரத்தில் கம்பி சுவரோரமாகப் போனால் மூலை தானாகவே வந்துவிடும். எண்கோணத்தில் மூலைக்கான இடம் குறுகல், அவசரத்தில் தவறும்.

ஈப்போ தம்பி இடையில்: அதே விளையாட்டில் மல்லன் சாங்கீஃபுக்கு முழுச் சுற்று சுற்ற வேண்டுமே அண்ணே, சதுரத்தில் மணிக்கட்டு போய்விடாதா?

அதை ஒப்புக்கொள்கிறேன். சுற்றிப் பிடித்துத் தூக்கிப் போடும் ஆட்களுக்கு எண்கோணமோ வட்டமோ சுகம்.

தைப்பிங்: அப்படியானால் நான் சொன்னது சரிதானே!

சாங்கீஃப் ஆடினால் சரி. நீங்கள் யாரை ஆடுகிறீர்கள்?

தைப்பிங்: ரியூ.

அப்புறம் என்ன அண்ணே!

கோலகங்சாரிலிருந்து ஒருவர்: இரண்டையும் விடுங்கள். கொரிய வகைதான் ராஜா. வட்டத் தடுப்பு, ரப்பர். பால் மரத்து ஊர்க்காரர்கள் ரப்பரை வேண்டாம் என்று சொல்லலாமா?

ஏழு பேர் இதற்குச் சிரிப்பு அனுப்பியிருக்கிறார்கள், கேள்வியை அனுப்பத்தான் ஆளில்லை. டெக்கன் என்ற சண்டை விளையாட்டை ஆடுகிறவர்களில் பலர் அதில் சத்தியம் செய்வார்கள், மறுக்கவில்லை. நடுவுக்குச் சட்டென்று திரும்பும். பேக்-மேனுக்கு மட்டும் வட்டத் தடுப்பு வேண்டாம். தடுப்புச் சண்டையை இதோடு முடிப்போம். சான்வாவில் எண்கோணத் தடுப்பு தனியாக விற்கிறார்கள், திருகாணி கிடையாது, கொக்கியை நெம்பினால் ஒரு நிமிடத்தில் மாறும். இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டு வந்து திட்டுங்கள்.

தெலுக் இந்தானிலிருந்து ஒரு டீச்சர்: மகனுக்கு ஏழு வயது. எது பொருந்தும்?

இலகுவான ஸ்பிரிங், உருண்டைக் குண்டு, அதாவது சான்வா. விறைப்பான அமெரிக்க வகையைக் கொடுத்தால் பையன் ஜாய்ஸ்டிக்கைத் தள்ளுவதற்குப் பதில் பெட்டியையே தள்ளுவான். பலகையின் உயரத்தை அவனை நிற்க வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள் டீச்சர், பலகை எத்தனை மில்லி என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பாரிட் புந்தாரிலிருந்து: பெட்டியை ஆன் செய்ததும் ஆள் தானாக மேலே போய்க்கொண்டே இருக்கிறான். போர்டு போச்சா?

ஒயர் மாறிப்போச்சு. சுவிட்சில் மூன்று கால் இருக்கும்: காம் (பொது), என்ஓ (அழுத்தினால் இணையும்), என்சி (தொடாதபோதே இணைந்திருக்கும்). என்சியில் மாட்டினால் தொடாதபோதும் அழுத்தியபடியே கிடக்கும். காமிலும் என்ஓவிலும் மாட்டுங்கள்.

இன்னொருவர்: பந்தால் செங்கல் உடைக்கும் அர்க்கனாய்டு ஆட எந்த ஜாய்ஸ்டிக்?

எதுவும் இல்லை. 1986-இல் வந்தபோதே அது சுழல் குமிழில் ஆடியது. ஸ்பின்னர் என்று கேட்டு வாங்குங்கள்.

பத்து காஜாவிலிருந்து: ஒரு மாதமாக இடது பக்கம் வேலை செய்யவில்லை.

திறந்து பாருங்கள். எறும்பு இருக்கும். துருநீக்கி ஸ்ப்ரேயை உள்ளே பீய்ச்சாதீர்கள், இருக்கிற கிரீஸும் கழுவிக்கொண்டு போய்விடும். துடைத்துவிட்டுக் கம்பி திரும்பும் இடத்தில் மட்டும் துளி கிரீஸ்.

சிம்மோரிலிருந்து: பதிலெல்லாம் படித்தேன். கடைசியாக ஒரே கேள்வி. எது பெஸ்ட்?

பலகை எத்தனை மில்லி?

தெரியாது, இன்னும் வாங்கவில்லை.

வாங்கிவிட்டு வாங்க. எனக்கு ஒரு வாஷிங் மெஷின் காத்திருக்கிறது.