கைடு மட்டும் வைத்துக்கொண்டு ஏ லெவலுக்குப் படிக்க முடியுமா?

கேட்டவர் சிங்கப்பூரில் ஜூனியர் காலேஜ் (ஜேசி) 2-ஆம் ஆண்டு மாணவர், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஏ லெவல் தேர்வை எழுதப்போகிறவர். டியூஷனுக்கு வீட்டில் வசதியில்லை, பழைய தேர்வுக் கேள்விகளின் தொகுப்பான டென் இயர் சீரிஸும் இரண்டு மூன்று கைடுகளும் போதுமா, எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறார்.

நான் 2017-இல் எழுதினேன். டியூஷன் இல்லை. கைடுதான். ஆனால் முதல் ஆறு மாதம் கைடை வைத்தே என்னை நான் கெடுத்துக்கொண்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

என் அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். அவள் எழுதி முடித்த கணக்கு டென் இயர் சீரிஸ் வீட்டில் இருந்தது. புதுசு எதற்கு என்று அதையே எடுத்துக்கொண்டேன். ஒரு சனி, ஞாயிறு முழுக்க புள்ளியியலில் வரும் பாய்சான் டிஸ்ட்ரிபியூஷனைக் கரைத்துக் குடித்தேன். திங்கட்கிழமை பெருமையாக நண்பனிடம் சொன்னால், "டேய், அது நம்ம சிலபஸ்லயே இல்லடா" என்கிறான். எச்2 (ஏ லெவலில் முதன்மைப் பாடங்களின் நிலை) கணக்கின் பாடத்திட்டம் 9740-இலிருந்து 9758-க்கு மாறி, புதியதில் முதல் தேர்வே எங்கள் ஆண்டுதான். பாய்சான், மேத்தமேட்டிகல் இண்டக்‌ஷன் எல்லாம் எச்2 கணக்கிலிருந்து போயிருந்தன. அதனால் முதல் வேலை: தேர்வு வாரியமான சீயாபின் இணையதளத்தில் உங்கள் ஆண்டுக்கான சிலபஸை இறக்கி, அதன் நாலிலக்க எண்ணைக் கைடின் அட்டையோடு ஒப்பிடுங்கள். எண் ஒத்துப்போகாத புத்தகம் இனாமாகக் கிடைத்தாலும், இல்லாத பாடங்களை முதலில் பேனாவால் அடித்துவிட்டுத்தான் திறக்க வேண்டும். பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸின் பழைய புத்தகக் கடைகளில் மலிவாகக் கிடைப்பவற்றுக்கும் இதேதான்.

இரண்டாவது தப்பு இதைவிடப் பெரியது. கேள்வியைப் படிப்பேன், ஒரு நிமிடம் யோசிப்பேன், பின்னால் புரட்டி விடையைப் பார்ப்பேன். "ஆமா, இப்படித்தான் நானும் போட்டிருப்பேன்" என்று தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவேன். ஒரே மாலையில் இருபது கணக்கு 'முடித்த' நாட்கள் உண்டு. பள்ளியிலேயே வைக்கும் பிளாக் டெஸ்டில் எஸ் வந்தது, அதாவது தேர்ச்சிக்கும் கீழே. தாளைத் திருப்பிப் பார்த்தால் தெரியாத கேள்வி என்று ஒன்றுகூட இல்லை. எல்லாமே பார்த்த முகம்தான், பேர்தான் நினைவுக்கு வரவில்லை.

அக்கா அப்போது மருத்துவமனையில் நைட் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தாள். புதிதாக வாங்கிய என் கைடில் விடைகள் தனிச் சிறு புத்தகமாகப் பின்னட்டையில் செருகியிருந்தன. அதை உருவித் தன் பையில் போட்டுக்கொண்டு, "எழுதின தாளைக் காட்டு, விடை தர்றேன்" என்று வேலைக்குப் போய்விட்டாள். காலை எட்டரைக்கு அவள் வரும்வரை எனக்கு வேறு வழி கிடையாது. எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் பாதிக் கணக்கில் முட்டிக்கொண்டு நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தது அப்போதுதான் முதல் முறை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கொடுமைக்காரர் இருந்தால் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

விடையோடு ஒப்பிடும்போது ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில் மூன்றில் ஒரு சொல்லைச் சிவப்பில் எழுதுவேன்: தெரியல, கவனிக்கல, நேரமில்ல. ஒரு மாதம் கழித்து எண்ணினால், எனக்குக் 'கவனிக்கல'தான் அதிகம். 'எக்ஸாக்ட்' என்று கேட்டிருந்தால் கால்குலேட்டர் காட்டும் தசமத்தை எழுதக்கூடாது. 'ஹென்ஸ்' என்று தொடங்கினால் முந்தைய பகுதியின் விடையை வைத்துத்தான் போடவேண்டும், வேறு வழியில் சரியாக வந்தாலும் மதிப்பெண் போய்விடும். இதெல்லாம் கணக்கு வராததால் போகும் மதிப்பெண் இல்லை.

இன்னொன்று, கைடிலுள்ள விடைகள் தேர்வு வாரியத்துடையவை அல்ல. பதிப்பகத்தார் ஆசிரியர்களை வைத்து எழுதுபவை, தப்பும் இருக்கும். ஓர் அச்சுப்பிழைக்காக ஒரு முழு மாலையை இழந்திருக்கிறேன். மூன்று முறை போட்டும் உங்கள் விடையே வந்தால் புத்தகத்தைச் சந்தேகப்படுங்கள்.

எதை வாங்குவது? டென் இயர் சீரிஸில் டாப்பிகல் (பாடத்தலைப்பு வாரியாக), இயர்லி (ஆண்டு வாரியாக முழுத் தாள்கள்) என்று இரண்டு வகை. ஜேசி 1-இல் டாப்பிகல் நல்லது. நீங்கள் இப்போது இருக்கும் இடத்தில் இயர்லிதான். டாப்பிகலில் பக்கத்தின் தலைப்பிலேயே 'சீரிஸ்' என்று போட்டிருக்கும். வங்கியில் மாதாமாதம் பணம் போடும் கதைக் கணக்கு வந்தால், அது ஜியாமெட்ரிக் புரொக்ரஷன் என்று கண்டுபிடிக்கும் பாதி வேலையைத் தலைப்பே செய்துவிடுகிறது. தேர்வில் அப்படி யாரும் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். எச்2 கணக்கில் ஒவ்வொரு தாளும் 3 மணி நேரம், 100 மதிப்பெண். 10 மதிப்பெண் கேள்விக்கு 18 நிமிடம். கடிகாரத்தை வைத்து முழுத் தாளாக எழுதுங்கள். அது தீர்ந்தால் மற்ற ஜேசிகளின் பிரிலிம் தாள்கள், அதாவது அசல் தேர்வுக்கு முன் ஜேசிகளே வைக்கும் தேர்வின் தாள்கள். பெரும்பாலும் அசல் தேர்வைவிடக் கடினம், மனம் தளர வேண்டாம். ஒரு பாடத்துக்கு ஒரு புத்தகம் போதும். எங்கள் வகுப்பில் ஒருவன் அலமாரி நிறைய வாங்கி அடுக்கினான், பாதியில் பிளாஸ்டிக் உறையே பிரியவில்லை.

ஜிபிக்கு (ஜெனரல் பேப்பர், கட்டுரையும் பத்திக் கேள்விகளும் கொண்ட பாடம்) மட்டும் இதெல்லாம் உதவாது. மாதிரிக் கட்டுரைக் கைடுகளை உருப்போட்டு எழுதினால் திருத்துபவருக்குத் தெரிந்துவிடும். இரண்டாம் தாளின் ஏகியூ (அப்ளிகேஷன் கேள்வி), பத்தியில் சொன்ன கருத்து நம் சமூகத்துக்குப் பொருந்துமா என்று கேட்பது. அதற்கு நாளிதழ்தான் கைடு. ஜிபியைக் கைவிடவும் முடியாது: 2026 பல்கலைக்கழகச் சேர்க்கையிலிருந்து மொத்தப் புள்ளி 90 அல்ல, 70. மூன்று எச்2-வுக்குத் தலா 20, ஜிபிக்கு 10. நாலாவது பாடம் புள்ளியை உயர்த்தினால் மட்டும் சேரும், ஜிபியோ எப்படியும் சேரும்.

அமெரிக்காவுக்கும் விண்ணப்பிக்கிறீர்கள் என்றால் அங்குள்ள கல்லூரிச் சேர்க்கைத் தேர்வான எஸ்ஏடிக்குப் பழைய தடிமன் கைடு வாங்கவே வேண்டாம். வெளிநாடுகளில் 2023 மார்ச் முதல் அது கணினியில்தான். 98 கேள்வி, 2 மணி 14 நிமிடம். முதல் பகுதியில் எப்படிச் செய்கிறீர்களோ அதைப் பொறுத்து இரண்டாம் பகுதியின் கடினம் மாறும். நீளமான பத்திக்குப் பத்துக் கேள்வி என்ற காலம் போய், இப்போது சின்னப் பத்திக்கு ஒரே கேள்வி. அந்தத் தேர்வையே எழுதும் புளூபுக் செயலியில் முழுத் தேர்வுகளே இலவசமாக இருக்கின்றன. என் சித்தி மகள் அதிலும் கான் அகாடமியிலும் மட்டும்தான் பயிற்சி எடுத்தாள்.

டியூஷன் இல்லையே என்ற கவலைக்கு: சிவப்பில் 'தெரியல' என்று எழுதியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு உங்கள் ஜேசி ட்யூட்டரிடம் கன்சல்டேஷன் கேளுங்கள். "சார், வெக்டர்ஸே புரியல" என்று போனால் அவர் எங்கிருந்து தொடங்குவார்? "இந்த நாலு கணக்கில் இந்த வரிக்கு மேல் போகவில்லை" என்று தாளைக் காட்டுங்கள், அரை மணியில் முடியும். பிரிலிம் நெருங்கினால் ஸ்டாஃப் ரூம் வாசலில் வரிசை நிற்கும், ஜூன் விடுமுறை முடிந்த வாரமே போய்விடுங்கள்.