கவுண்டர் கம்பெனி வாங்கிய கனடா கப்பல்: வாசகர் கேள்வி-பதில்

கப்பல்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பும் கேள்விகளுக்கு, கடலில் என்ஜினியராக இருந்து ஓய்வுபெற்றுத் தூத்துக்குடியில் வசிப்பவர் பதில் எழுதுகிறார்.

கேள்வி: ஃபிஜியில் இருக்கும் என் மருமகன் ‘லோமாய்விட்டி பிரின்சஸ்’ என்ற கப்பலின் படத்தை அனுப்பியிருக்கிறார். கனடாவில் ஓடி ஓய்ந்த ஃபெர்ரியாம் அது. வாங்கிய கம்பெனியின் பெயர் கவுண்டர் ஷிப்பிங் என்கிறார். நம் பக்கத்துப் பெயர்தானா? (நாமக்கல் வாசகர்)

பதில்: மருமகன் சொன்னது சரிதான். அந்தக் கப்பலின் முதல் பெயர் ‘குயின் ஆஃப் பிரின்ஸ் ரூப்பர்ட்’. கனடாவின் மேற்குக் கரையில், விக்டோரியா நகரில் கட்டி 1966-ல் ஓட்டத்துக்கு விட்டார்கள். 101 மீட்டர் நீளம். கீழே கார்களும் லாரிகளும், மேலே பயணிகள். தீவுகளின் மறைவிலேயே போய்வரும் சிறு ஃபெர்ரிகளைப் போன்றதல்ல இது. பிரின்ஸ் ரூப்பர்ட் துறைமுகத்திலிருந்து ஹைடா குவாய் தீவுகளுக்குப் போக ஹெக்கேட் நீரிணையைக் கடக்க வேண்டும். ஆழம் குறைந்த கடல். குளிர்காலப் புயலில் அலை சுவர் போல எழும்பும் இடம். அங்கே பல ஆண்டுகள் அடிபட்ட கப்பல் என்பதால் எனக்கு இதன்மேல் தனி மரியாதை உண்டு.

2006 மார்ச் 22 அன்று இதன் துணைக் கப்பலான ‘குயின் ஆஃப் தி நார்த்’ கில் தீவில் மோதி மூழ்கி இரண்டு பேர் இறந்தார்கள். அதன் பிறகு, மாற்றுக் கப்பல் வரும்வரை, வடக்குப் பகுதியின் சுமையைத் தாங்கியது இந்த 40 வயதுக் கப்பல்தான். 2009 ஏப்ரலில் ஓய்வு கொடுத்தார்கள். 2011-ல் கவுண்டர் ஷிப்பிங் வாங்கி, ஃபிஜியின் நடுவிலுள்ள லோமாய்விட்டி தீவுக் கூட்டத்தின் பெயரைச் சூட்டியது. பிறகு 2015-ல் ‘குயின் ஆஃப் சில்லிவாக்’ என்ற இன்னொரு கனடா ஃபெர்ரியும் அதே கம்பெனிக்குப் போனது. அது 1978-ல் நார்வேயில் கட்டி, 1991-ல் கனடா வாங்கிய கப்பல்.

பெயரைப் பற்றிக் கேட்டீர்கள். ஃபிஜிக்குக் கரும்பு வெட்ட ஒப்பந்தக் கூலிகளை 1879-ல் கல்கத்தாவிலிருந்து ஏற்றத் தொடங்கினார்கள். 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் போயின. 1916-ல் அது நிற்பதற்குள் போனவர்கள் 60,000-க்கும் மேல். அவர்களில் ஏறக்குறைய 15,000 பேர் தென்னிந்தியர்கள். கவுண்டர், நாயுடு, பிள்ளை, முதலியார், ரெட்டி எல்லாம் அங்கே குடும்பப் பெயர்களாகவே நிலைத்துவிட்டன. 1926-ல் சாது குப்புசாமி தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் இன்றும் அங்கே பள்ளிக்கூடங்கள் நடத்துகிறது. கூலியாக ஏற்றிச் செல்லப்பட்டவர்களின் பெயர் இன்று தீவுகளுக்கிடையே கப்பல் விடும் கம்பெனியின் பெயராக இருப்பதை நினைக்கும்போது என் மனம் நிறைகிறது.

கேள்வி: சில மணி நேரப் பயணத்துக்காகக் கட்டிய கப்பல், வாங்கியவர்களின் நாட்டுக்குப் போய்ச்சேர வாரக்கணக்கில் நடுக்கடலில் எப்படி ஓடும்? அதற்கு என்னென்ன செய்வார்கள்? (மதுரை வாசகி)

பதில்: முதலில் தூரத்தைப் பாருங்கள். வான்கூவரிலிருந்து சுவாவுக்கு நேர்க்கோட்டில் போனாலே சுமார் 5,100 கடல் மைல். மணிக்கு 12 கடல் மைல் வேகத்தில் இரவு பகலாக ஓடினால் 17, 18 நாள். ஹோனலூலுவில் எண்ணெய் நிரப்புவதாக வைத்துக்கொண்டாலும், அங்கிருந்து சுவாவுக்கு இன்னும் 2,750 கடல் மைல் இருக்கிறது. ஒரு நாளைக்கு 15 டன் டீசல் எரியும் கப்பல் என்றால் 18 நாளுக்கு 270 டன் வேண்டும்; கால் பங்கு கையிருப்பும் சேர்த்தால் 340 டன் அளவுக்கு வரும். துறைக்குத் துறை எண்ணெய் பிடித்துப் பழகிய ஃபெர்ரியின் தொட்டிகளில் பல நேரம் அவ்வளவு கொள்ளாது. அதனால் எண்ணெயை எங்கே கூடுதலாக வைப்பது, வைத்தால் கப்பலின் நிலைத்தன்மை என்ன ஆகும் என்ற கணக்குதான் முதல் வேலை.

அடுத்தது வாகனத் தளம். என் கவலை எல்லாம் எப்போதும் அங்கேதான். அது முன்னிருந்து பின்வரை குறுக்குச் சுவர் இல்லாத ஒரே கூடம். அங்கே கொஞ்சம் கடல்நீர் புகுந்தாலும், கப்பல் சாயும் பக்கமெல்லாம் அதுவும் ஓடிச் சேர்ந்து இன்னும் சாய்க்கும். அகலமான தாம்பாளத்தில் தண்ணீர் ஏந்தி நடந்தவர்களுக்கு இது புரியும். 1987-ல் பெல்ஜியத்தின் ஜீபுரூகா துறைமுகத்துக்கு வெளியே ‘ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்’ முன்கதவு திறந்தபடியே புறப்பட்டு, சில நிமிடங்களில் கவிழ்ந்து 193 பேர் இறந்தார்கள். 1994-ல் பால்டிக் கடலில் ‘எஸ்டோனியா’வின் முன்மூடியை அலை பிய்த்தெறிந்ததில் 852 உயிர்கள் போயின. இரண்டிலும் தண்ணீர் நுழைந்தது வாகனத் தளத்துக்குள்தான்.

ஆகவே கதவுச் சோதனையில் யாரும் அவசரப்படக் கூடாது. கதவு பொருந்தும் இரும்பு விளிம்பு நெடுகச் சாக்கட்டி தேய்ப்போம். கதவை மூடி, இறுக்கி, மறுபடி திறந்தால் எதிரே உள்ள ரப்பர் பட்டையில் வெள்ளைக் கோடு விழுந்திருக்க வேண்டும். கோடு எங்கே அறுந்திருக்கிறதோ அங்கே தண்ணீர் நுழையும். அந்த ரப்பரை மாற்றி, மறுபடி சாக்கட்டி, பிறகு வெளியிலிருந்து குழாயில் தண்ணீரைப் பீய்ச்சி உள்ளே ஒருவர் டார்ச் பிடித்துப் பார்ப்பது. இவ்வளவுக்குப் பிறகும் கொண்டுபோகும் பயணத்துக்கு மட்டும் கதவை உள்ளிருந்து இரும்புப் பட்டை வைத்து வெல்டிங் செய்துவிடுவது உண்டு. நான் அதையே விரும்புவேன். வழியில் யாரும் வண்டி ஏற்றப்போவதில்லையே.

கீழ் வரிசைக் கண்ணாடி ஜன்னல்களுக்கு வெளியே இரும்புத் தகடு. பயணிகள் கூடத்தில் ஆணியடித்து நிறுத்தாத ஒவ்வொரு நாற்காலி, மேசை, குளிர்பான இயந்திரம் எல்லாவற்றுக்கும் கயிற்றுக் கட்டு. வண்டிகள் இல்லாத வெற்றுக் கப்பல் அலையில் வெடுக் வெடுக்கென்று ஆடும். சரியான இடத்தில் பாரநீர் (கப்பல் நிலையாக நிற்கத் தொட்டிகளில் ஏற்றும் கடல்நீர்) ஏற்றாவிட்டால் உள்ளே எதுவும் நிற்காது, ஆட்கள் உட்பட.

இனி என்ஜின் அறை. ஜப்பானின் உள்கடலில் ஓடிய ஒரு பழைய ஃபெர்ரியைப் பிலிப்பைன்ஸுக்குக் கொண்டுபோன குழுவில் நான் இரண்டாம் என்ஜினியர். வால்வுகளின் பெயர்த் தகடுகள் எல்லாம் ஜப்பானிய எழுத்தில் இருந்தன. குழாயைக் கையால் தடவிக்கொண்டே அடித்தளம் முழுக்கத் தவழ்ந்து, எது எண்ணெய், எது கடல்நீர், எது தீயணைப்பு என்று ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதிக் கட்டினோம். ஆபத்து நேரத்தில் எந்த வால்வை மூடுவது என்று யோசித்துக்கொண்டிருக்க முடியாது.

எண்ணெய்த் தொட்டிகளைத் திறந்து கழுவ வேண்டும் என்று கேட்டோம். நேரமில்லை என்று விற்பனைத் தரகர் மறுத்துவிட்டார். அமைதியான நீரில் ஓடிய கப்பலின் தொட்டி அடியில் ஆண்டுக்கணக்கில் கசடு படிந்து கிடக்கும். திறந்த கடலின் ஆட்டத்தில் அது கலங்கி மேலே வரும். அப்படியே நடந்தது. வடிகட்டியின் அழுத்தமானி ஏற ஏற ஒன்றை மாற்றி இன்னொன்றைத் திறப்போம். கழற்றியதில் கம்பிவலையே தெரியாத அளவுக்குக் கறுப்புச் சேறு. அதை டீசலில் கழுவி முடிப்பதற்குள் மற்றது அடைத்துக்கொள்ளும். பிலிப்பைன்ஸின் லூசோன் தீவு கண்ணில் படும்வரை என்ஜின் அறையில் ஒருவரும் சேர்ந்தாற்போல் தூங்கவில்லை. நடுக்கடலில் என்ஜின் நின்றால் கப்பல் அலைக்குக் குறுக்கே திரும்பிவிடும். பழைய ஃபெர்ரி வாங்குகிறவர்கள் வண்ணப் பூச்சைத் தள்ளிப்போடட்டும், தொட்டி கழுவுவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

சமையலறை, குடிநீர், குளிர்பதன அறை, மருந்துப் பெட்டி எல்லாம் பல நாள் பயணத்துக்கு ஏற்றபடி நிரப்ப வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

கேள்வி: இத்தனை சிரமம் எதற்கு? வேறொரு கப்பலோடு கட்டி இழுத்துப் போகக் கூடாதா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: இழுத்துப் போவதும் உண்டு. அப்போது சுக்கானையும் உந்தியின் (புரொப்பெல்லர்) அச்சையும் அசையாமல் பூட்டி, இழுவடம் அறுந்தால் பிடிக்க இன்னொரு வடத்தைத் தயாராகத் தொங்கவிட வேண்டும். வேகம் பாதியாகிவிடும். கதவும் ஜன்னலும் இதிலும் அடைக்கத்தான் வேண்டும்.

காசு உள்ளவர்கள் கனரகச் சுமைக் கப்பலின் முதுகில் ஏற்றி அனுப்புகிறார்கள். அலாஸ்கா மாநிலத்தின் ‘ஃபேர்வெதர்’, ‘செனேகா’ என்ற இரண்டு அதிவேக ஃபெர்ரிகளை ஸ்பெயின் கம்பெனி ஒன்று வாங்கி 2021-ல் அப்படித்தான் கொண்டுபோனது. அலுமினியத்தால் ஆன, இரண்டு உடல்களைப் பக்கவாட்டில் இணைத்த அந்த மாதிரிக் கப்பல்களை நெடுங்கடலில் ஓட்டிப் போவதைவிட அதுவே புத்திசாலித்தனம்.

கேள்வி: கப்பல் தயார், எண்ணெய் தயார் என்றால் உடனே கிளம்பிவிடலாமா? (திருச்சி வாசகர்)

பதில்: முடியாது. பழைய நாட்டின் பதிவிலிருந்து நீக்கிய சான்று, புதிய நாட்டின் தற்காலிகப் பதிவு, இந்த ஒரு பயணத்துக்கு மட்டுமான விலக்குச் சான்று, காப்பீட்டுக் கம்பெனி அனுப்பும் சர்வேயரின் (கப்பலைச் சோதிப்பவர்) ஒப்புதல், எல்லாம் கையில் இருக்க வேண்டும். பயணிகளை ஏற்றக் கூடாது, மாலுமிகள் மட்டும்தான். கொடி, அதாவது பதிவு நாடு, மாறினால் கப்பலின் வானொலி அடையாள எண்ணும் மாறும். அதை ஆபத்து அறிவிக்கும் மிதவைக் கருவியிலும் மாற்றிப் பதிய வேண்டும். இல்லாவிட்டால் உயிர் காக்கச் சொல்லும் அழைப்பு பழைய முதலாளியின் நாட்டுக்குப் போய்ச் சேரும். பெயரை மாற்றி எழுதுகிறவர்கள் இதை மறந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஓட்டுவதற்கு என்று வாங்கி, கடைசியில் உடைக்கப்போகும் கப்பல்களும் உண்டு என்கிறார்களே? (காரைக்கால் வாசகர்)

பதில்: உண்டு. அலாஸ்காவின் ‘டாக்கு’ 1963-ல் கட்டியது. 2018-ல் துபாய் கம்பெனி ஒன்று 1,71,000 டாலருக்கு வாங்கியது. பசிபிக்கைக் கடந்து வந்த அந்தக் கப்பல் கடைசியில் குஜராத்தின் அலங் கடற்கரையில் உடைபட்டது. அதில் ஏறிப் போய்வந்த அலாஸ்கா ஊர்க்காரர்களுக்கு அது வருத்தமாகத்தான் இருந்திருக்கும்.

கேள்வி: பணக்கார நாடு கழித்துவிட்ட கப்பலை ஏழைத் தீவுகளின் தலையில் கட்டுவது நியாயமா? (யாழ்ப்பாணத்து வாசகி)

பதில்: அம்மா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. 2009 ஆகஸ்ட் 5 அன்று டோங்கா நாட்டில் ‘பிரின்சஸ் அஷிகா’ மூழ்கி 74 பேர் இறந்தார்கள். 1972-ல் ஜப்பானில் கட்டி, ஃபிஜியில் ஓடி, டோங்காவுக்கு விற்கப்பட்ட கப்பல். அங்கே போய்ச் சில வாரங்களே ஆகியிருந்தன. கடலில் ஓடவே தகுதியற்ற கப்பல் அது என்று அரச விசாரணை ஆணையம் கண்டது. இறந்தவர்களில் பெண்களும் குழந்தைகளும் அதிகம். அவர்கள் கீழ்த் தளத்தில் உறங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆனாலும் பழைய கப்பலே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். புதுக் கப்பலின் விலை சிறு தீவு நாடுகளுக்கு எட்டாது. கப்பல் வராத தீவில் நோயாளிக்கு மருத்துவமனை இல்லை, விளைந்த கொப்பரைக்குச் சந்தை இல்லை. ‘குயின் ஆஃப் பிரின்ஸ் ரூப்பர்ட்’ ஃபிஜிக்குப் போகும்போது அதற்கு 45 வயது. அந்த வயதிலும் ஒரு கப்பல் ஓடும், தகடு எங்கே மெலிந்திருக்கிறது என்று அளந்து பார்த்து மாற்றினால். கொண்டுபோகும் பயணத்துக்கு ஒரு சர்வேயர் கறாராக நிற்கிறார். காப்பீட்டுக் கம்பெனியின் பணம் அதில் இருக்கிறது. போய்ச் சேர்ந்து வெல்டிங்கை வெட்டி, மக்களை ஏற்றத் தொடங்கிய பிறகு அதே கறாருடன் யார் நிற்கிறார்கள் என்பதுதான் கேள்வி. ஆளில்லாக் கப்பலுக்குச் செய்த சோதனையை ஐந்நூறு பேர் ஏறும் கப்பலுக்குச் செய்யாமல் விடுவது எனக்குப் பொறுக்கவில்லை. விற்கிற நாடும் தகட்டு அளவு, பழுதுக் குறிப்பு எல்லாவற்றையும் மறைக்காமல் கொடுக்க வேண்டும்.

கேள்வி: பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறேன். இப்படிக் கப்பல் கொண்டுபோகும் குழுவில் சேர முடியுமா? (ராமநாதபுரம் மாணவர்)

பதில்: நேரடியாக முடியாது தம்பி. முதலில் கப்பல் போக்குவரத்து இயக்குநரகம் அங்கீகரித்த நிலையத்தில் ஜி.பி. ரேட்டிங் என்ற மாலுமிக்கான அடிப்படைப் பயிற்சி முடித்து, சி.டி.சி. என்ற மாலுமிப் பணிப் பதிவுப் புத்தகம் வாங்கி, சாதாரணக் கப்பலில் சில ஆண்டுகள் வேலை பார். டெலிவரி வேலைக்கு அனுபவமுள்ளவர்களைத்தான் எடுப்பார்கள். வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட்டிடம் ஆர்.பி.எஸ்.எல். என்ற, மாலுமிகளை வேலைக்கு எடுப்பதற்கான உரிமம் இருக்கிறதா என்று இயக்குநரகத்தின் பட்டியலில் பார்த்துக்கொள். வேலை வாங்கித் தர மாலுமியிடம் காசு கேட்பது சட்டப்படி குற்றம். கேட்டால் எழுந்து வந்துவிடு.