பதில்: 13 வயது மகள் ஆளே மாறிவிட்டாள்

மகள் ஒரு வருடமாகத் தொட்டதற்கெல்லாம் சீறுகிறாள், நள்ளிரவு வரை தூங்குவதில்லை, மூளையில் ஏதாவது கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் கோளாறு மாதிரித் தெரியவில்லை.

பருவமடைதல் தொடங்குவதே மூளையில்தான். மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ், அதையொட்டிய பிட்யூட்டரி சுரப்பியைத் தட்டி எழுப்ப, அது சினைப்பைகளைத் தூண்டுகிறது. அங்கே சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் திரும்பவும் மூளைக்கே வருகிறது. உணர்ச்சிகளைக் கையாளும் அமிக்டலா என்ற மூளைப் பகுதியில் அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் உண்டு. ஆனால் ‘கொஞ்சம் பொறு’ என்று சொல்லும் நெற்றிப்பக்க மூளை முழுதாக முதிர 25 வயதை ஒட்டி ஆகிவிடும். நீங்கள் எழுதிய அந்தக் காட்சி, கதவை அறைந்து சாத்திவிட்டுப் பத்து நிமிடத்தில் வந்து பக்கத்தில் உட்கார்வது, இந்த இடைவெளிதான். கத்தும்போது பேசாதீர்கள், அந்தப் பத்து நிமிடம் கழித்துப் பேசுங்கள்.

ஒன்று கவனித்தேன். ‘இவ்வளவு வளர்ந்தும் பொறுப்பில்லை’ என்கிறீர்கள். வளர்ந்தது உடம்பு. சீக்கிரம் பருவமடைந்த பிள்ளைகளிடம் எல்லோரும் செய்கிற தவறு இது.

தூக்கத்துக்கு அவளைத் திட்டாதீர்கள். இந்த வயதில் தூக்கத்தை வரவழைக்கும் மெலட்டோனின் ஹார்மோன் சுரப்பதே ஓரிரு மணி நேரம் தள்ளிப்போகும். போனை மட்டும் இரவில் அறைக்கு வெளியே வையுங்கள், முதலில் உங்களுடையதையும் சேர்த்து!

இரண்டு வாரத்துக்கு மேல் சோர்ந்தே கிடந்தாலோ, சாப்பாட்டை ஒதுக்கினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். தன்னைக் காயப்படுத்திக்கொள்வதாகப் பேசினால் அன்றைக்கே.